கப்பலுக்கு வழி சொன்ன மாடி

நேற்று வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நின்றபோது எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கை. "இங்க ஏதுப்பா கடலு?" என்றார் முன்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், இதே திருவண்ணாமலையில் உட்கார்ந்து நான் கப்பல்களுக்கு வழி சொல்லியிருக்கிறேன். தேரடி வீதிக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் எங்கள் சின்ன கம்பெனி. கீழே மெஸ்ஸில் சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தால் மணி பதினொன்று. மூழ்கிய படகு, அணைந்த விளக்கு என்று கடலிலிருந்து வரும் எச்சரிக்கைகளைக் கப்பலின் திரையில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தோம். சில சிறிய சரக்குக் கப்பல்கள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கியிருந்தன. நானோ கடலைப் பார்த்ததே ஒரு தடவைதான், பள்ளிச் சுற்றுலாவில். அதிலும் செருப்பை அலைக்குப் பறிகொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தவன்.

வரும் எச்சரிக்கையை ஒருவர் கணினியில் பதிந்தால் இன்னொருவர் சரிபார்த்து ஓகே கொடுக்க வேண்டும். நான் பதிவதைச் சரிபார்த்தவர் கவிதா அக்கா. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பௌர்ணமி என்றால் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி வந்து சேர்வது பெரும்பாடு. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்.

"உள்ள வுடமாட்றாங்கடா, நான் திரும்பிடறேன். என் பாஸ்வேர்டு போட்டு நீயே ஓகே பண்ணிடு" என்பார் போனில்.

அப்படி ஒரு பௌர்ணமியன்று, மூழ்கிக் கிடந்த தோணி ஒன்றின் இடத்தைப் பதிந்தேன். கடலில் இடத்தை டிகிரி, நிமிடம் என்ற அளவில் சொல்வார்கள்; ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். முப்பது நிமிடம் என்று வந்ததை அரை டிகிரி, அதாவது புள்ளி ஐந்து என்று மாற்ற வேண்டும். நான் புள்ளி முப்பது என்று அப்படியே தட்டிவிட்டேன். சிவப்புப் புள்ளி இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தது. அக்கா பெயரில் நானே ஓகே கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் எங்கள் திரையை நம்பி வந்த ஒரு கப்பல் அந்தத் தோணியில் மோதியது. மாலுமி ஒருவர் இறந்துபோனார்.

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். "நான் அன்னிக்கி வரவே இல்ல சார். இவன்தான் என் பாஸ்வேர்டுல போட்டான்" என்றார் அக்கா. முதலாளி என்னிடம் திரும்பினார்.

"அவங்க வந்தாங்களா?"

"வந்தாங்க சார்."

தட்டும்போது கை தவறுவது சகஜம், அதைப் பிடிக்கத்தானே இன்னொரு ஆள் என்பது அவர் நியாயம். எனக்குத் திட்டோடு போனது. அக்காவுக்கு வேலை போனது. அவர் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். வெட்கங்கெட்டவன் நான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பல வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். "மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"என்னை வுடு. செத்தாரே, அவரு பேராவது கேட்டு வச்சியா?"

கேட்கவில்லை. விபத்தைப் பற்றிக் கம்பெனி கணினிக்கு வந்த விசாரணை அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தது. அதில் என் பெயர் எங்காவது வருகிறதா என்று மட்டும்தான் தேடிப் பார்த்தேன். இப்போது கம்பெனி இல்லை. லாட்ஜை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். கணினிகள் எடைக்குப் போய்விட்டன. அந்த மனிதரின் பெயரை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?