எதிர்சேவையில் ஒரு சூடம்

தல்லாகுளம் சாலையில் கால் வைக்க இடமில்லை. நாளை வைகையில் இறங்கப்போகும் அழகரின் பல்லக்கு, எதிர்கொண்டு வரவேற்கும் கூட்டத்தின் மேல் அசைந்து வருகிறது. சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு நகர்ந்து இடம் கொடுத்த அக்கா, சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் ஏற்றியிருக்கிறார். பல்லக்கு கடக்கும்போது அது எரிய வேண்டும். மகளின் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கான வேண்டுதல். அவர் வீட்டில் அவ்வளவு படித்த முதல் ஆள் அவள். என் வீட்டில் நான்.

எதிரே அழகர் வேடமிட்ட பக்தர் ஒருவர் தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகிறார்.

“அண்ணே, இங்கிட்டு அடிக்காதீங்க! சூடம் அணைஞ்சிரும்!” என்று அக்கா கத்துகிறார்.

“சாமிக்குச் சூடு தணியத்தான் அடிக்கிறேன். நீ என்ன தாயி, நெருப்போட நிக்கிற!”

கூட்டம் சிரிக்கிறது. நான் குடையை விரிக்கிறேன்.

“குடைய மடக்கும்மா, சாமி தெரியல!” என்று பின்னால் கூச்சல்.

மடக்கிவிட்டு, சாலைக்கு முதுகு காட்டிச் செம்பை மறைத்து நிற்கிறேன்.

“இப்ப அடிங்கண்ணே!”

முதுகெல்லாம் தண்ணீர். பல்லக்கு எனக்குப் பின்னால் கடக்கிறது. சூடம் எரிகிறது.

“அடிப்பாவி, இம்புட்டுத் தூரம் வந்து சாமியப் பாக்காம விட்டுட்டியே!” என்கிறார் அக்கா.

“அடுத்த வருசம் பாத்துக்கிறேன்க்கா. மகளையும் கூட்டிட்டு வாங்க, காலேஜுக்கு லீவு போடச் சொல்லி.”