மகிழ்ச்சியான ஊழியருக்குத் தொண்டை கட்டிய கதை

கண்ணாடி டம்ளர் செய்யும் தொழிற்சாலையில் அவர் செக்கர். பெல்ட்டில் ஊர்ந்து வரும் டம்ளர்களை வெள்ளை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, குமிழி, கீறல், விளிம்பில் நெளிவு ஏதாவது தெரிந்தால் இடப்பக்கத் தொட்டியில் போட வேண்டும். தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். அது பாட்டுக்குப் போய்விடும். இருபத்து மூன்று வருடமாக இதுதான் வேலை. நல்ல டம்ளரைப் பற்றி யோசிக்க அவருக்குச் சம்பளம் கிடையாது.

எதற்கும் நொட்டை சொல்வார் என்பதால் அங்கே அவருக்கு நொட்டையார் என்று பெயர். நொட்டைக்குப் பின்னால் ‘ஆர்’ போட்டது சீனியாரிட்டிக்குக் கொடுத்த மரியாதை.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்த விளக்கு அணையாது. மகளுக்கு வேலை கிடைத்தபோது, “நல்லது. ஆனா ரெண்டு பஸ் மாறணுமே” என்றார். மனைவிக்குப் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க வாயைத் திறந்தபடி வருகிறவர்களைப் பார்ப்பதால் அவளிடம் கதைக்குப் பஞ்சமில்லை. சொல்லத்தான் முடியாது.

“செவ்வாய்க்கிழமை ஒருத்தர் பல்லு பிடுங்க வந்தாருங்க—”

“செவ்வாய் உனக்கு லீவு. புதனா இருக்கும்.”

“சரி, புதன். கூட அவரோட அண்ணன்—”

“பிடுங்கறதுன்னு ஏன் சொல்றே? எடுக்கறதுன்னு சொல்லு.”

அதோடு அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அந்த வருடம் போனஸ் இல்லை என்று அறிவித்த அதே வாரத்தில், நிர்வாகம் ஒரு மகிழ்ச்சிப் பயிற்சியாளரை வரவழைத்தது. சிரிப்பை முகத்தில் ஆணியடித்து மாட்டியது போன்ற மனிதர். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி உயர்த்திக் காட்டி, “இதுல உங்களுக்கு என்ன தெரியுது?” என்று நொட்டையாரைக் கேட்டார்.

“அடியில ஒரு குமிழி தெரியுது. எவன் ஷிஃப்ட்ல விட்டான் இதை?”

எல்லோருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் நோட்டு கொடுத்தார்கள். தினமும் நன்றி சொல்லத் தக்க விஷயம் மூன்று எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத மகிழ்ச்சி செல்லாது.

நொட்டையார் கடமை தவறாதவர். எழுதினார். ‘இன்று லிஃப்ட் பாதியில் நின்றது. மேனேஜரும் உள்ளே இருந்தார். நன்றி.’ ‘நோட்டு அட்டையில் 96 பக்கம் என்று போட்டு, உள்ளே 92 தான் இருக்கிறது. அந்த மட்டும் எழுத்து மிச்சம். நன்றி.’

பயிற்சியாளர் படித்துவிட்டுக் கண் கலங்கினார். குறையிலும் நிறை காணும் மனம் என்றார். அந்த மாதத்தின் மகிழ்ச்சியான ஊழியர் என்று நொட்டையாரின் புகைப்படத்தை வாசல் சுவரில் மாட்டினார்கள். படத்தில் அவர் போட்டோக்காரரின் லென்ஸில் இருந்த தூசியை முறைத்துக்கொண்டிருந்தார்.

பட்டத்தோடு ஒரு வேலையும் வந்தது. ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் போய் நன்றியுணர்வைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். உலைப் பிரிவில் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. அந்த இரைச்சலில் இரண்டு வாரம், “நமக்கு எல்லாமே இருக்கு!” என்று கத்தினார். பதினைந்தாம் நாள் குரல் இல்லை.

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “உள்ள நல்லா வீங்கியிருக்கு. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியம்கூடப் பேசக் கூடாது.”

“பத்து நாள் போதுமா டாக்டர்?” என்று மனைவி கேட்டாள்.

வேண்டியதை எழுதிக் காட்டச் சொன்னார்கள். கைக்கு எட்டியது மஞ்சள் நோட்டுதான். முதல் நாள் நாலு பக்கம் எழுதினார். கதவு கிறீச்சிடுகிறது, துண்டு ஈரம், சாம்பல் நிறச் சட்டையில் பொத்தான் மாற்றித் தைத்திருக்கிறது. மனைவி, “கண்ணாடி போட்டுக்கிட்டு அப்புறம் படிக்கிறேங்க” என்று மூடி வைத்தாள். இரண்டாம் நாள் விரல் வலித்தது. மூன்றாம் நாள் ‘துண்’ என்று எழுதியவர், கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். எழுந்து போய்த் துண்டை வெயிலில் காயப்போட்டார். எழுதுவதைவிட அது சுலபமாக இருந்தது.

வேலைக்கு லீவு போட்டிருந்ததால் வீட்டில் பகலில் அவர் தனியாக இருந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பும்முன் பிளாஸ்க் நிறைய வெந்நீர் வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருடமும் அவர் ஷிஃப்டுக்குப் போகையில் இதே பிளாஸ்க்கைத்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். மூடி லூஸ் என்று சொன்னது அவருக்கு நினைவிருந்தது. வெந்நீரைப் பற்றி என்றைக்காவது ஏதாவது சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம், எதிரில் ஒருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அவளுக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது.

“அந்த ஆளு பல்லு பிடுங்க தைரியத்துக்கு அண்ணனைக் கூட்டிட்டு வந்தாருங்க. ஊசியைப் பார்த்ததும் அண்ணன் மயங்கி விழுந்துட்டார். தூக்கிட்டுப் போய் உள்ள பல்லு பார்க்கற நாற்காலியில படுக்க வச்சோம். டாக்டர் உள்ள வந்தவர், இவர்தான் பேஷன்ட்டுன்னு நினைச்சு வாயைத் திறந்து பார்த்து, ‘அடடா, ரெண்டு பல் சொத்தை’ன்னார். வெளிய தம்பி சத்தமில்லாம எழுந்தார். ‘எனக்கு வலி போயிடுச்சும்மா, அண்ணனுக்கு முடிச்சு அனுப்புங்க’ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார்!”

அவருடைய தோள்கள் குலுங்கின. முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தது. மகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். “அம்மா, அப்பாவுக்குப் புரை ஏறிடுச்சா?”

“சிரிக்கிறார்னு நினைக்கிறேன். எனக்கும் புதுசாத்தான் இருக்கு.”

அதன்பிறகு தினமும் ஒரு கதை. அவள் குரல் மாற்றிச் சொன்னாள், கை ஆட்டிச் சொன்னாள். இவ்வளவு வேடிக்கையான ஒருத்தியோடு இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது.

பத்தாம் நாள், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது புதிதாக ஒன்று ஆரம்பித்தாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சண்டைக்கு வந்தாராம், நீங்கள் செய்து கொடுத்த பல் செட் ஒரே நாளில் சுருங்கிவிட்டது என்று. “எனக்கு என்னமோ சந்தேகம். அவர் வீட்டுக்கு போன் போட்டேன். அந்தம்மாதான் எடுத்தாங்க—”

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் பார்த்துவிட்டு, “வீக்கம் வடிஞ்சிருச்சு. எங்க, ஏதாவது பேசுங்க பார்ப்போம்” என்றார்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“எப்படிங்க சொல்லுவாங்க? அவங்க செட்டைத்தான் இவர் மாட்டிக்கிட்டு வந்துட்டாரே! காலையிலேர்ந்து பேசலையேன்னு, கோபமா இருக்காங்கன்னு நினைச்சிருக்கார் மனுஷன்.”

டாக்டர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அவர் வேலைக்குத் திரும்பியபோது வாசல் சுவரில் வேறொருவர் படம் இருந்தது. பத்து நாள் வராததில் அவருடைய மகிழ்ச்சி மதிப்பெண் குறைந்துவிட்டதாம். மறுபடி பேச்சுக்குக் கூப்பிட்டபோது தொண்டையைத் தொட்டுக் காட்டித் தப்பித்தார்.

நொட்டை சொல்வது நிற்கவில்லை. அது பிறவிக் குணம், போகாது. ஆனால் சாயங்காலம் வந்ததும், “இன்னிக்கு யாரெல்லாம் வந்தாங்க?” என்று கேட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். கதை முடிந்த பிறகுதான் கதவு, துண்டு எல்லாம்.

“அப்பா ஒண்ணும் திருந்தலம்மா. வரிசையில நிக்கப் பழகியிருக்கார், அவ்வளவுதான்” என்றாள் மகள்.

“அதுவே பெரிசுடீ. நீ நடுவுல பேசாதே. ஆங், எங்கங்க விட்டேன்?”

அவர் சொன்னார், விட்ட இடத்தைச் சரியாக.