எங்கள் கரட்டைக் கெடுத்த பூச்சி

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கரட் பிடுங்கினோம்.

நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். கல்முனையில். உப்புக் காற்று வந்து ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற ஊரில். நுவரெலியாவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்கிற விவசாயத்தை, இங்கே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு செய்திருக்கிறார் என் கணவர் ஜெமீல்.

அந்தக் கரட் எப்படி வந்தது என்பதைவிட, ஏன் இவ்வளவு நாளாய் வராமல் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் கதை. அதில் நான் பட்ட குழப்பம் இருக்கிறதே... படிக்கிற காலத்தில் கணக்குப் பாடத்தில்கூட அப்படிப் பட்டதில்லை.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். ஜெமீல் சவூதியில், தம்மாம் நகரத்தில், ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தவர். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது போனவர். லீவில் வருவார், போவார். சுனாமி வந்தபோதும் அங்கேதான். நானும் மகளும் அன்று சம்மாந்துறையில் என் ராத்தா, கூடப் பிறந்த அக்கா, வீட்டில் இருந்ததால் தப்பினோம். கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீடு போனது. வீட்டில் தனியாக இருந்த என் மாமி, அதாவது ஜெமீலைப் பெற்ற உம்மா, அதோடு போனார். ஊரார் ஜனாஸாவைத் தேடி எடுத்து அடக்கினார்கள். மகன் டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தபோது அவருக்குக் காட்ட எங்களிடம் ஒரு மண்மேடுதான் இருந்தது.

பிறகு வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அவர் திரும்பவும் தம்மாமுக்குப் போனார். யுத்தம் முடிந்த பிறகுதான், இனிப் போதும் என்று பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்.

இறங்கிய மனிதருக்கு வீட்டில் வேலை இல்லை. பல்ப் மாற்றுவது, மீன்காரரோடு பேரம் பேசுவது, தண்ணீர் மோட்டாரைத் தட்டி ஓட வைப்பது... எல்லாம் நான் பழகிவிட்டிருந்தேன். அவர் எதைத் தூக்கினாலும், அதை அங்கே வைப்பதில்லை, இங்கே வைப்பது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நின்றார் பாவம்.

அப்போதுதான் பாதை திறந்த சந்தோஷத்தில் எல்லாரும் வான் பிடித்து ஊர் பார்க்கப் போனார்களே, நாங்களும் நுவரெலியா போனோம். மற்றவர்கள் அங்கிருந்து ஸ்ட்ரோபெரி ஜாம் வாங்கி வந்தார்கள். இவர் கரட் விதை வாங்கி வந்தார்.

ஏன் கரட்? கேட்டேன். கல்முனைக்கு லொறியில் வருகிற கரட் எல்லாம் வாடல் என்றார். வெண்டி போடலாமே, பயற்றை போடலாமே? அதெல்லாம் எல்லாரும் போடுகிறார்கள் என்றார். அதற்குமேல் என்ன கேட்பது?

மாரி மழை தொடங்கியதும் வேலை ஆரம்பமானது. வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவு முழுக்கக் கிரவல் கல் கொட்டி நிரப்பிய தரை. கரட்டுக்குக் கல் ஆகாதாம். முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, கிரவலை அரித்து வீசி, ஆற்று மணலும் மாட்டெருவும் கலந்து நிரப்பினார். பாத்தியைப் பார்த்தால் மெத்தை மாதிரி இருந்தது. எனக்கே படுத்துப் பார்க்கலாம் போலத் தோன்றியது.

முளைத்தது! மெல்லிய, தலைமயிர் மாதிரியான பச்சை. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்துக் கன காலம்.

பிறகு தொடங்கியது வில்லங்கம்.

காலையில் பார்த்தால் சில முளைகள் அடியோடு வெட்டுப்பட்டுச் சரிந்து கிடந்தன. விரலால் மண்ணைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் ஒரு புழு, வளையம் மாதிரிச் சுருண்டுகொண்டு. வெட்டுப் புழுவாம். ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கிளறிக் கிளறிப் பொறுக்கினார். முளையைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவினார். நான் வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்து வடித்துக் கொடுத்தேன். கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து அதைத் தெளித்தார். புழு அடங்கியது. என் கைதான் நாறிக்கொண்டே இருந்தது — நான் படிப்பிக்கிற வகுப்பில் பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கிற அளவுக்கு.

அடுத்து கோழி. பக்கத்து வீட்டு ரஹுமா ராத்தாவின் கோழிகளுக்கு எங்கள் பாத்திதான் விளையாட்டு மைதானம். சுனாமி நிவாரணத்தில் கிடைத்து, பிரிக்காமலே வைத்திருந்த, கொசுவுக்குக் கட்டுகிற நுளம்பு வலையை எடுத்துக் கம்பு நட்டு மூடினார். கோழியும் அடங்கியது.

இனி என்ன? இலை நல்ல பச்சையாய்ச் செழித்து வந்தது. நான்கூட கரட்டைத் துருவிச் சம்பல் போடுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஒவ்வொன்றாய் வாடியது.

இது வேறு மாதிரி வாட்டம். வெட்டுக்காயம் இல்லை. இலையில் கடி இல்லை. நேற்று நிமிர்ந்து நின்றது இன்று தலையைத் தொங்கப் போட்டிருக்கும். இன்று இதுவென்றால் நாளை அந்த வரிசையில் ஒன்று. பிடுங்கிப் பார்த்தால் விரல் பருமனில் நல்ல கிழங்கு. என்னதான் நடக்கிறது?

ரஹுமா ராத்தா கண்ணூறு பட்டுவிட்டது என்றார். ஜெமீல் எறும்பு என்றார், மறுநாள் எலி என்றார், அதற்கு அடுத்த நாள் கிணற்றில் இன்னும் சுனாமி உப்பு இருக்கிறது என்றார். உப்பென்றால் எல்லாமே அல்லவா வாட வேண்டும்? அது ஏன் ஆள் பார்த்து ஒன்றொன்றாய்ப் பிடிக்கிறது?

எங்கள் பாடசாலையில் சிவகாமி டீச்சர் இருக்கிறார். ஊர் காரைதீவு. அவர்களுடைய வீட்டில் வயலும் தோட்டமும் உண்டு. வேரில் முடிச்சு விழ வைக்கிற புழு ஒன்று இருக்கிறது, வாடியதில் ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்றார். பேப்பரில் சுற்றிக் கொண்டு போனேன். ஸ்டாஃப் ரூமில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல டீச்சர். சின்ன வேரெல்லாம் அறுந்து கிடக்கு, அவ்வளவுதான். ஆனா எதுவும் கடிச்ச மாதிரித் தெரியல்ல."

கடிக்காமல் வேரை அறுக்கிற பூச்சி எது? அவருக்கும் விளங்கவில்லை. எனக்கு எப்படி விளங்கும்?

இதற்கிடையில் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. சாப்பிடும்போதும் அவர் கண் வளவில்தான். இன்னொன்று வாடினால் அன்றைக்குச் சோறு இறங்காது. தம்மாமுக்கே திரும்பிப் போனால் என்ன என்று ஒரு நாள் மெல்லக் கேட்டார். ஒரு பாத்தி கரட்டுக்காக ஒரு மனிதர் நாட்டை விட்டுப் போவாரா?

அடுத்த கிழமை ஏதோ கூட்டம் என்று பாடசாலையை வேளைக்கே விட்டார்கள். நான் பக்கத்து கேட் வழியாக வளவுக்குள் வந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்தியில் குந்தியிருந்தார். வலை சுருட்டி விடப்பட்டிருந்தது.

ஒரு கரட் இலையின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தார். வந்தது. மண்ணைப் பெருவிரலால் துடைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே குழிக்குள் வைத்து, மண்ணை அணைத்து அழுத்தி, கோப்பையால் தண்ணீர் ஊற்றினார். அடுத்ததற்கு நகர்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. நான் இடித்த வேப்பங்கொட்டை எவ்வளவு?

"என்ன செய்றீங்க?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் கரட்.

"வளருதா எண்டு பாத்தன்."

"புடுங்கினா வாடாதா? இவ்வளவு நாளும் எலி எண்டீங்க, உப்பு எண்டீங்க..."

"திருப்பி வெச்சாப் புடிக்கும் எண்டு நினைச்சன் புள்ள. சிலது புடிச்சும் இரிக்கி."

மேலே இலை அவ்வளவு நன்றாக இருக்கும்போது அடியைத் தோண்டிப் பார்க்க என்ன அவசியம் என்று கேட்டேன். கையிலிருந்த மண்ணைச் சாரத்தில் துடைத்தார்.

"உம்மாவோட சுனாமிக்கு முந்தின நாள்தான் ஃபோன்ல கதைச்சன். நல்லாத்தான் இரிக்கன் மகன் எண்டு சொன்னா. விடிஞ்சா உம்மா இல்ல." பாத்தியைக் காட்டினார். "மேலால பாத்தா எல்லாம் பச்சையாத்தான் இரிக்கி. அடியில என்னெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் புத்தகப் பையோடு அப்படியே பாத்தி ஓரத்தில் குந்திவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு தம்மாமிலிருந்து நாளுக்குப் பல தடவை வந்த அழைப்புகள் நினைவுக்கு வந்தன. வெறுமனே, இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அது சந்தேகமா, பாசமா என்று குழம்பியிருக்கிறேன். வந்த பிறகும், தூங்குகிற மகளின் மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பார். கேட்டால் நுளம்பு அடித்தேன் என்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு ஏன் இவ்வளவு நாள் எடுத்தது? சேர்த்துப் பார்த்த பிறகு மட்டும் என்ன செய்வது? இழுக்காதீர்கள் என்று சொன்னால் நின்றுவிடுகிற விஷயமா இது?

"இனிப் புடுங்க வேணாம். ஆனா பாக்காமலும் இரிக்க வேணாம். நான் கேட்டு வாறன்" என்றேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் சிவகாமி டீச்சரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர்களுடைய குடும்பத்திலும் உறவைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கரட்டை இழுக்கத் தேவையில்லை, இலை தொடங்குகிற இடத்தில் மண்ணை விரலால் மெல்ல ஒதுக்கினால் கிழங்கின் தோள் தெரியும், அதன் அகலத்தைப் பார்த்தாலே வளர்ச்சி தெரியும், பார்த்துவிட்டு மண்ணால் மூடிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் பச்சை பிடித்துவிடும் என்றார்.

வந்து சொன்னேன். இரண்டு பேரும் குந்தி இருந்து ஒன்றின் மண்ணை ஒதுக்கினோம். செம்மஞ்சளாய், வட்டமாய் எட்டிப் பார்த்தது தோள்.

"இரிக்கி" என்றார்.

அதன் பிறகு பின்னேரங்களில் அஸர் தொழுதுவிட்டு வந்து ஒவ்வொரு தோளாய்ப் பார்ப்பார், மூடுவார். சில நாட்களில் நானும் கூடப் போவேன். வாட்டம் நின்றுவிட்டது. தம்மாம் பேச்சும் நின்றது. பிரதான வீதியில் ஒரு சின்ன கராஜ் போட இடம் பார்த்திருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை பிடுங்கியதைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடைக் கரட் மாதிரி ஒன்றுகூட இல்லை. இழுத்து நட்டவையெல்லாம் கால் பிரிந்து, சில கட்டிப் பிடித்துக்கொண்டு, சில காற்சட்டை போட்ட மனிதர் மாதிரி. தொடாமல் தப்பியவைகூட என் நடுவிரல் நீளம்தான். கொஞ்சம் ரஹுமா ராத்தாவுக்குக் கொடுத்தோம், கொஞ்சம் காரைதீவுக்கு, டீச்சர் வீட்டுக்குப் போனது. மிச்சத்தில் சம்பல் போட்டேன். மகள் ருசி பார்த்துவிட்டு இனிக்கிறது என்றாள். அவர் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

அவருக்குப் பயம் போய்விட்டதா? எனக்குத் தெரியாது. போய்விட்டது என்று நினைக்கிற நாளில் கேட்டில் வந்து நின்று எங்களை எண்ணுவார். போகவில்லை என்று நினைக்கிற நாளில் குறட்டை விட்டுத் தூங்குவார். நான் இப்போது கணக்கு வைப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த மாரிக்கு பீட்ரூட் போடப் போகிறாராம் — அதன் பாதிக் கிழங்கு மண்ணுக்கு மேலேயே தெரியுமாமே.