அடைத்த சன்னலும் துருப்பிடித்த தாழ்ப்பாளும்

பண்பொழி மலைமேல் இருக்கும் திருமலைக் குமரனைக் கும்பிடும் சொந்தங்களே, என் மகளை நானே கொல்லப் பார்த்தேன். இதை மறைத்துச் சாட்சி சொன்னால் அது பொய்.

தென்காசியில் கல்யாண மாலைப் பூக்களைக் காயவைத்து, கண்ணாடிபோல் இறுகும் ரெசின் பிசினில் பதித்துக் கொடுப்பது என் தொழில். தூசி படியாது என்று குளியலறையில்தான் ஊற்றுவோம். போன ஆனியில் குற்றாலத்துச் சாரல் எங்கள் தெரு வரை அடித்தது. ஈரக்காற்று பட்டால் ரெசின் வெளுத்துவிடும். மூன்று மாலைகள் அப்படிப் பாழாயின. சாரலைத் திட்டித் தீர்த்தேன். சன்னலைத் தாள் ஒட்டி அடைத்தேன்.

அன்று காலை, உள்ளே ஊற்றிக்கொண்டிருந்த மகள் வள்ளி கூப்பிட்டாள்.

"எம்மா, வாடை தாங்கல. தல சுத்துது. சன்னலத் தொறக்கட்டா?"

"ஏட்டி, சாரல் அடிக்கு. தொறந்தா அம்புட்டும் வெள்ளையாப் போயிரும். இரு, சாம்பிராணி போடுதேன்."

கங்கு நிறைந்த தூபக்காலை அந்த அறைக்குள் நானே வைத்தேன். வாடை போனால் கேடும் போய்விடும் என்று நினைத்த மூடம் நான். ஈரக்காற்று நுழையாமல் இருக்கக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போடச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் வாளி உருளும் சத்தம். "வள்ளி! ஏட்டி வள்ளி!" கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அவள் அப்பா ராணுவத்தில், எங்கேயோ எல்லையில். வீட்டில் வேறு யாருமில்லை. தோள் வீங்கக் கதவை முட்டினேன். அசையவில்லை. அவ்வளவுதான், போய்விட்டாள் என்றே நினைத்தேன். "முருகா, என்ன எடுத்துக்கோ, அவள விட்டுரு!" என்று அலறிக்கொண்டே மறுபடி முட்டினேன்.

தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. ஆணியெல்லாம் துரு. எந்த ஈரத்தைத் திட்டினேனோ, அதுதான் அதை அரித்து வைத்திருந்தது.

அவளைச் சாரலுக்குள் இழுத்துப் போட்டேன். மூச்சு இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "ஏம்மா, ரெசின் ஆவி பத்தாதுன்னு கரிப்புகை வேறயா?" என்றார் டாக்டர். தலை நிமிர முடியவில்லை.

பிழைத்துவிட்டாள். ஆனாலும் பண்பொழி மலைப்படியில் இன்றும் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள்.

இப்போது சன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓடுகிறது. புதுக்காற்று வரக் கதவு திறந்தே இருக்கும். ஆவியை வடிகட்டும் முகமூடி இல்லாமல் ரெசின் டப்பாவைத் தொடமாட்டோம். சாரல் நாளில் வேலையே கிடையாது.

குமரன் முதலில் என் மகள் வாயால்தான் சொன்னான். நான் கேட்கவில்லை. பிறகுதான் தாழ்ப்பாளை உடைத்தான். அவனை நம்பிக் கூப்பிடுங்கள், வருவான். அதற்கு முன் சன்னலைத் திறந்து வையுங்கள்.