நேரம் தப்பு என்று எழுதிய பெட்டி

கடைத்தெருவில் அவருக்கு ஆயிரங்கண் என்று பெயர் வைத்தவன் அவருடைய தம்பிதான். “எங்க அண்ணனுக்கு இந்த ஊர்ல ஆயிரம் கண்ணு. நீங்க மூக்கு நோண்டினாக்கூட அவருக்குத் தெரிஞ்சிடும்” என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிவான். பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தவனைத்தான் காணோம். நாலு வருஷம் ஆகிறது.

ஆயிரங்கண் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து கண்காணிப்புக் கேமராவும், அது பிடிப்பதைச் சேமித்து வைக்கும் ரெக்கார்டர் பெட்டியும் தருவித்து விற்கிறவர். கேட்க லேசாகத்தான் இருக்கும். ஐம்பது தொழிற்சாலைக்காரர்கள் ஒரே பெட்டியை ஐம்பது பெயரில் விற்கிறார்கள். அதில் எவன் உள்ளே நல்ல சாமான் வைத்திருக்கிறான், எவன் வெறும் தகரத்துக்குப் பளபளப்பு ஏற்றியிருக்கிறான் என்று ஆறாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். அவர் மாதிரிச் சரக்கு வரவழைப்பார். வந்ததும் திருகாணிகளைக் கழற்றிக் குடலை உருவுவார். மொட்டைமாடி வெயிலில் ஒரு வாரம் காயப்போடுவார், வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்ப்பார், மாடிப்படியிலிருந்து உருட்டிவிடுவார். “அவன் அனுப்புற போட்டோவ நம்பி ஆர்டர் போட்டா, கடைசியில அந்த போட்டோவத்தான் சுவத்துல மாட்டணும்” என்பார். இந்த விஷயத்தில் அவரை ஏமாற்ற எவனும் பிறக்கவில்லை என்பது ஊர்ப் பேச்சு. ஊருக்கென்ன, பேசும்.

தம்பி போன பிறகு அவருக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. தொழிற்சாலைகள் தங்கள் கேமராவின் அருமையைக் காட்ட அவர்கள் ஊர்த் தெருவைப் படம் பிடித்து அனுப்புவார்கள். படம் தெளிவா, மங்கலா, இருட்டில் எப்படி என்று பார்க்க வேண்டியவர், முதலில் நடந்து போகிறவர்களைப் பார்ப்பார். இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி நடக்கிறவன் எவனாவது இருக்கிறானா என்று தேடுவார். மொழி தெரியாத ஊரின் தெருவில், பாஸ்போர்ட்டே எடுக்காத தம்பி எப்படி நடப்பான்? அது அவருக்கும் தெரியும். ஆனாலும் யாராவது அப்படி நடந்துவிட்டால், படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, அந்த அந்நியன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடையில் ஓடும் எட்டுத் திரைகளில் ஏதோ ஒன்றில் தம்பி அப்போதுதான் கடந்து போய்விட்டான், தான் வேறு திரையைப் பார்த்துவிட்டோம் என்ற எண்ணம் அவரை விட்டதே இல்லை.

தம்பி போன கதை சின்னது. வாய் நிறையப் பேச்சும் கையில் நிலையில்லாத வேலையுமாக இருந்தவன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, “ஒருத்தர் வேலை தரேன்னு சொல்லியிருக்காரு. உறுதியாகட்டும், வந்து சொல்றேன்” என்று பெண்டாட்டியிடம் சொல்லிக் கிளம்பினான். யார் அந்த ஒருத்தர் என்று சொல்லவில்லை. சாயங்காலம் அவன் போன் அணைந்துபோனது. வெளியூர் வேலையாக இருக்கும் என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடைப் பக்கம் நடந்து போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை.

மருந்துக்கடை வாசலில் இருப்பது ஆயிரங்கண் கொடுத்த கேமரா. ஏணியில் ஏறி அதை மாட்டியதே தம்பிதான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து ஒரு சல்யூட் அடிப்பான். “அண்ணன் பாக்குறாருல்ல, மரியாதை வேணாமா?” என்பான்.

அவன் போன மறுநாளே, அவன் காணாமல் போனது யாருக்கும் உறைக்காதபோது, மருந்துக்கடையின் ரெக்கார்டரில் கோளாறு என்று டெக்னீஷியன் அதைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டியிருந்தான். கழற்றிய பெட்டி ஆயிரங்கண்ணின் கடைக்குத் திரும்பி வந்திருந்தது. விஷயம் தெரிந்த அன்று அவர்தான் அதைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு போலீஸிடமும் தம்பி மனைவியிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னார்: “அன்னைக்குப் பதிவாகல. காலையில கரண்ட் போயிருக்கு.” ஆயிரங்கண்ணே சொன்ன பிறகு அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? போலீஸ் கைகழுவிவிட்டது.

தம்பி மனைவி கைகழுவவில்லை. பல் மருத்துவமனையில் வேலை, வியாழக்கிழமை அரைநாள் லீவு. நாலு வருஷமாக ஒவ்வொரு வியாழனும் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும் முன் கடைக்கு வந்துவிடுவாள். உள்ளறையில் அலமாரியை ஒட்டிக் கிடக்கும் ஸ்டூலில் உட்காருவாள். பக்கத்தில் இடுப்பு உயரத்தில் அலமாரியின் கீழ்த்தட்டு. கைப்பையை அதில் இருந்த பெட்டியின் மேல் வைப்பாள். அழ மாட்டாள். ஊர்ச் சமாச்சாரம் பேசுவாள், அவர் ஜோக்குக்குச் சிரிப்பாள். எழுந்திருக்கும்போது மட்டும் கேட்பாள்.

“வேற எந்தக் கடையிலயாவது, எந்தக் கேமராவுலயாவது ஏதாச்சும் தெரிஞ்சுதா மாமா?”

“பாத்துக்கிட்டேதான்மா இருக்கேன்.”

“எந்தப் பக்கம் போனாருன்னு தெரிஞ்சாக்கூடப் போதும் மாமா. ஸ்கூல் ஃபாரத்துல அப்பா இருக்காரா, இல்லையான்னு கேக்குறாங்க. வருஷா வருஷம் அந்தக் கட்டத்த அப்படியே விட்டுட்டு வரேன்.”

திரும்பி வந்த சரக்கை எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை பழைய சாமான்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார். நாலு தடவை வந்தார். நாலு தடவையும் கீழ்த்தட்டில் இருந்த அந்த ஒரு பெட்டியில் கை வைத்தபோது ஆயிரங்கண், “அது இருக்கட்டும்” என்றார். ஏன் என்று சாமான்காரர் கேட்கவில்லை. இவரும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தட்டுப் பக்கம் தூசி தட்டக்கூட யாரையும் விடமாட்டார் என்பதை மட்டும் டெக்னீஷியன் கவனித்து வைத்திருந்தான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு புதுத் தொழிற்சாலைக்காரியோடு அவர் போனில் எழுத்துப் பேச்சில் இருந்தார். அவள் தன் மொழியில் எழுதுவாள், போன் அதைத் தமிழாக்கித் தரும். அந்தத் தமிழ் எப்போதும் அவருக்குச் சிரிப்பு மூட்டும். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது. “மிகவும் மதிப்புள்ள நண்பரே, உங்கள் உடல் இன்று மகிழ்ச்சியா?” என்று கேட்டுவிட்டு, லென்ஸ், ஒயர், அட்டைப்பெட்டி என்று வரிசையாகப் போனவள் கடைசியில் கேட்டாள்: “ரெக்கார்டருக்குள் கடிகார பேட்டரி வைக்கவா, நீக்கவா? உங்கள் நாட்டு நண்பர்கள் நீக்குவதை விரும்புகிறார்கள்.”

அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது.

ரெக்கார்டருக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் உள்ளே இருக்கிற கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். ஆறு வருஷம் முன்பு பழைய தொழிற்சாலைக்காரனும் இதே கேள்வியைக் கேட்டிருந்தான். அந்தப் பேச்சைத் தேடி எடுத்தார். அவர் எழுதிய பதில் அப்படியே கிடந்தது: “வேண்டாம். இன்டர்நெட்டே நேரம் சொல்லிவிடும்.” பக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் வேறு. பெட்டிக்கு ஒரு டீ விலைகூட மிச்சமில்லை. ஆனால் பேரம் பேசி எதையாவது குறைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

மருந்துக்கடையில் இன்டர்நெட் கிடையாது. “நான் என்ன கடையில உக்காந்து சினிமாவா பாக்கப்போறேன்?” என்று சொல்லிவிட்ட மனுஷன் அந்த மருந்துக்கடைக்காரர். பேட்டரியும் இல்லாமல் இன்டர்நெட்டும் இல்லாமல் கரண்ட் போய் வந்தால் பெட்டி என்ன செய்யும்? தொழிற்சாலையில் பிறந்தபோது வைத்த தேதிக்கே ஓடிவிடும். இரண்டாயிரமாவது வருஷம், ஜனவரி ஒன்று, நள்ளிரவு பன்னிரண்டு மணி. படம் பிடிப்பதை நிறுத்தாது. பிடித்ததை எல்லாம் அந்தத் தேதியில் போட்டு வைக்கும்.

இது அவருக்குத் தெரியாதா? புது மாதிரிச் சரக்கை எத்தனை தடவை போட்டிருக்கிறார், எத்தனை தடவை அந்தத் தேதி திரையில் பல்லிளித்திருக்கிறது! ஆனால் நாலு வருஷம் முன்பு பெட்டியைத் திறந்தவர், கைப் பழக்கத்தில் முதல் வேலையாக நேரத்தைச் சரிசெய்தார். பிறகு தம்பி போன தேதியைத் தட்டினார். காலையில் கரண்ட் போனது வரைதான் பதிவு, அதன்பிறகு இல்லை என்று வந்தது. மூடிவிட்டார். ஊரில் வேறு எவன் இந்தத் தப்பைச் செய்தாலும் மன்னிக்கலாம். இவரை எப்படி மன்னிப்பது?

கீழ்த்தட்டிலிருந்து பெட்டியை எடுத்தார். டெக்னீஷியன் ஒட்டிய சீட்டு மஞ்சள் பூத்திருந்தது. மருந்துக்கடை என்றும், அதன்கீழே “நேரம் தப்பு” என்றும் எழுதியிருந்தது. பெட்டியைத் திரையோடு இணைத்து, இரண்டாயிரத்து ஜனவரி ஒன்று என்று தட்டினார்.

இருந்தது. நாள் முழுக்க இருந்தது.

திரையின் மூலையில் மணி 02:14, நடுநிசி. படத்திலோ பளீரென்று வெயில். அந்த நடுநிசி வெயிலில், இடது தோளைச் சற்றுத் தாழ்த்தி, தம்பி நடந்து வந்தான்.

மருந்துக்கடை வாசலில் நின்றான். பஸ் ஸ்டாப் எதிரே காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் கேமராவுக்கு நேர் கீழேயே நின்றான். பத்து நிமிஷத்தில் ஒரு வெள்ளை வேன் வந்தது. ஓட்டுநர் குனிந்து ஏதோ சொன்னார். தம்பி தலையாட்டினான். ஏறுவதற்கு முன் அண்ணாந்து கேமராவைப் பார்த்தான். சல்யூட் அடித்தான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சல்யூட் அடித்த கையை இறக்கி, ஓட்டுநர் பார்க்காதபடி, சுட்டுவிரலால் வேனின் நம்பர் பலகையைக் காட்டினான். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. கண்ணால் ஒரு கேள்வி கேட்டான், பாத்துக்கிட்டியா என்பது போல. அப்புறம் ஏறிக்கொண்டான். நம்பர் கண்ணாடி மாதிரி தெரிந்தது. கேமராவைக் குறை சொல்ல முடியாது.

ஆயிரங்கண் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். போனில் தொழிற்சாலைக்காரி, “நண்பரே, நீங்கள் அங்கே இருக்கிறீர்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உடனே தம்பி மனைவிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. முதலில் பதிவைப் பிரதி எடுத்தார். பிறகு இரண்டு நாள் சும்மா இருந்தார். சும்மா என்றால் அவர் மனசு சும்மா இல்லை. தேதியை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் கொடுக்கலாம். வேறு கடையில் கிடைத்ததாகச் சொல்லலாம். நம்பர் அவளுக்குக் கிடைத்துவிடும், தன் மானமும் தப்பிக்கும். அவருக்கு அது அரைமணி நேர வேலை. வெட்டவும் உட்கார்ந்தார். ஆனால் எந்தத் திரையைப் பார்த்தாலும் தம்பி அண்ணாந்து பார்த்தான். அணைத்து வைத்த திரையிலும் அந்த விரல் காட்டிக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. “என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?” என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை அவள் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்கத்தில் கைப்பையைப் பக்கத்தில் வைக்கப் போனாள். பெட்டி அங்கே இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வெட்டாத பதிவு.

தோள் தாழ்ந்த நடை வந்ததுமே அவள் எழுந்துவிட்டாள். சல்யூட் அடித்தபோது வாயில் கையை வைத்துக்கொண்டாள். விரல் நம்பர் பலகையைக் காட்டியபோது அவளுக்கு உடனே புரிந்தது. மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து, உள்ளங்கையில் நம்பரை எழுதிக்கொண்டாள். இரண்டு முறை சரிபார்த்தாள். அதன்பிறகுதான் திரையின் மூலையைப் பார்த்தாள்.

“தேதி தப்பா இருக்கே மாமா.”

“ஆமாம்மா. நான் வேண்டாம்னு சொன்ன ஒரு பேட்டரியாலதான். இந்தத் தேதியில போய்ப் பாக்கணும்னு அன்னைக்கு எனக்குத் தோணலம்மா. என் தப்புதான். எல்லாமே என் தப்புதான்.”

“எங்க கிடைச்சுது இது?”

அவர் கீழ்த்தட்டைக் காட்டினார். நாலு வருஷத் தூசிக்கு நடுவே பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தது. அவள் அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். மடியில் இருந்து நழுவித் தரையில் விழுந்து கிடந்த தன் பையைப் பார்த்தாள்.

“பழைய சாமான்காரர் வந்தா எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடுவீங்களே. இதை மட்டும் ஏன் வெச்சிருந்தீங்க?”

நாலு வருஷமாகத் தன்னையே அவர் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நம்பர் எழுதிய கையை மூடாமல் விரித்தே பிடித்தபடி வாசலுக்குப் போனாள்.

“பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்” என்றாள். மாமா என்று சொல்லவில்லை.