நௌஷீன் அறுக்க விடாத கோழிகள்

மணலூர்பேட்டையில் இருந்த கணவன் வீட்டை விட்டு வந்தபோது நௌஷீன் கொண்டுவந்தது ஒரு தையல் மெஷினும் ஐந்து நாட்டுக்கோழிகளும்தான். கச்சிராயபாளையத்தில் அண்ணன் இர்ஷாத் வீட்டு ஜன்னலோரம் மெஷினுக்கு இடம் கிடைத்தது. கோழிகள் கொல்லைக்குப் போயின.

"முட்ட போடற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் இர்ஷாத்.

அதைத் தனக்கும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ஜாக்கெட் தைத்த காசில் வீட்டுக்குப் பால் வாங்கினாள். கோழிகளுக்குக் கம்பு வாங்கினாள்.

ஐப்பசி மழை ஓய்ந்து மலைப்பக்கமிருந்து குளிர்காற்று இறங்கியதும் கோழிகளின் போக்கு மாறியது. இருட்டும்வரை குப்பையைக் கிளறுகிறவை, இப்போது பொழுது சாயும் மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே அடைந்துவிட்டன. அதுவும் கூண்டுக்குள் இல்லை. முருங்கைக் கிளையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. காலையில் வெயில் ஏறிய பிறகுதான் இறங்கின. தீனி ஜாஸ்தியாகத் தின்றன. முட்டை மட்டும் அடியோடு நின்றுபோனது. பிறகு இறகு கொட்டத் தொடங்கியது. செவலைக் கோழியின் கழுத்தில் வெறும் தோல்தான் மிச்சம்.

பின்பக்கத்துத் தோட்டத்தில் வெங்கடேசன் பிராய்லர் பண்ணை வைத்திருந்தார். இர்ஷாத்தின் மளிகைக் கடை இருந்த கட்டடமும் அவருடையதுதான். ஒரு நாள் காலையில் நேராக வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா பாய், ஒன் வூட்டுக் கோழிங்க ரெக்க கொட்டிக்கினு நிக்குதுங்க? நோவு வந்துருக்குது. என் ஷெட்டுல நேத்துதான் குஞ்சு எறக்கியிருக்கேன். இன்னிக்கே அறுத்துடு."

இர்ஷாத் தலையாட்டினார். அண்ணி அத்தியா, "முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கெழம பிரியாணிக்காவது ஆவட்டும்" என்றாள்.

நௌஷீன் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"நோவுன்னா அறுத்துத் திங்கலாமா, அண்ணி? நோவு இல்லன்னா எதுக்கு அறுக்கணும்?"

"நீ உள்ள போ" என்றார் இர்ஷாத்.

"போவல. அதுங்க என் கோழிங்க. நான் சொல்லாம யாரும் கத்திய எடுக்கக் கூடாது."

வெங்கடேசன் இர்ஷாத்தைப் பார்த்து, "தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லு, பாய். நமக்குள்ள கடை வெவகாரம் எல்லாம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையில் அவளுக்கும் பயம்தான். நோவாக இருந்தால்? ஆனால் யாரோ சொன்னார்கள் என்று கத்தி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ரொம்பவும் மொட்டையாகிப் போன இரண்டைப் பிடித்துக் கூடையில் போட்டு, துணி கட்டி, கள்ளக்குறிச்சி டவுன் பஸ் ஏறினாள். கூடையைப் பார்த்த கண்டக்டர் கையை நீட்டினார்.

"ஒனக்கு ஃப்ரீம்மா. கோழிக்கு டிக்கெட் எடு."

"லேடீஸுக்கு ஃப்ரீதானேங்க? ரெண்டும் பொட்டக்கோழி."

பஸ்ஸே சிரித்தது. முன்பக்கம் போன கண்டக்டர் திரும்ப வந்து கேட்கவில்லை.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா கோழிகளின் கண்ணையும் மூக்கையும் பார்த்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார். எச்சம் எப்படி இருக்கிறது, தீனி எடுக்கிறதா என்று கேட்டார்.

"நோவெல்லாம் இல்லம்மா. பகல் குறையுதில்ல, பழசை உதிர்த்துட்டுப் புது இறகு போடுது. சத்தெல்லாம் அதுக்கே போயிடும். முட்டைக்கு இப்ப அவசரப்படுத்தாதீங்க, தை கழியட்டும்."

நௌஷீனுக்கு அங்கேயே அழுகை வந்தது. அழவில்லை. ஊர் திரும்பியதும் கூடையோடு நேரே பண்ணைக்குப் போனாள்.

"டாக்டரு பாத்துட்டாங்க. நோவு இல்ல. ஒங்களுக்குச் சந்தேகம்னா நீங்களே போய்க் கேளுங்க" என்றாள்.

வெங்கடேசன் மசியவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய், "கோழி இருக்கணும்னா வேற கடை பாத்துக்க" என்று இர்ஷாத்திடம் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த இர்ஷாத் அதைச் சொன்னார். பிறகு தங்கையைப் பார்க்காமலே கேட்டார்.

"டாக்டரு நெசமாவே அப்டித்தான் சொன்னாங்களா?"

"நெசமா."

"அப்ப சரி. வாடக ஒழுங்கா குடுத்துக்கினு இருக்கோம். அவரு எப்டி காலி பண்ண வெக்கிறாருன்னு பாக்கலாம்."

மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை அத்தியாவே கொல்லைக்குக் கொண்டுபோய்க் கோழிகளுக்கு வைத்தாள்.

வெங்கடேசன் கடையைக் காலி செய்ய வைக்கவில்லை. நல்ல வாடகைதாரரை விட அவருக்கும் மனமில்லை போல. ஆனால் பேச்சை நிறுத்திக்கொண்டார். மார்கழியில் ஆள் வைத்து, இவர்கள் கொல்லைக்கும் தன் பண்ணைக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மதில் எழுப்பினார்.

அந்த மாதப் பனியில் காலை வெயில் முதலில் விழுந்தது அந்த மதில் மேல்தான். புது இறகு முளைத்த கோழிகள் முருங்கையிலிருந்து அதற்குத் தாவி, வரிசையாக உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய்ந்தன. பண்ணைப் பக்கமிருந்து வெங்கடேசன், "யாரது, கோழிய ஓட்டுங்க!" என்று கத்தினார்.

நௌஷீன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஊசியில் நூலைக் கோத்துவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.