பின்னால் நீந்துகிறவர்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே மூடி வைத்துவிடலாம், வருத்தமில்லை. ஒரு சொட்டுக் கலப்படம் இதில் கிடையாது. அந்தப் பேக்கரிக்காரி இன்றும் தினமும் அடுப்பு மூட்டுகிறாள். கேட்டால் வாய் திறக்க மாட்டாள். ஆனால் கடல் என்று யாராவது பேச்செடுத்தால் மாவு பிசையும் கை அப்படியே நின்றுவிடும்.

அவளுக்கும் அவள் கணவருக்கும் பிள்ளைகள் இல்லை. இருந்தது டிரையத்லான் பைத்தியம் ஒன்றுதான். விடிகாலையில் கடலில் நீந்தி, ஈரம் காய்வதற்குள் சைக்கிள் ஏறி மதியம் தாண்டியும் மிதித்து, இறங்கின கையோடு முழு மாரத்தான் ஓட வேண்டும். "சம்பளம் குடுத்தாக்கூட இந்த வேலைய எவனும் செய்ய மாட்டான். நாம என்னடான்னா காசு கட்டிச் செய்றோம்" என்று அவர் சிரிப்பார்.

அவர் ரொட்டி வேன் ஓட்டுகிறவர். இரண்டு கண்ணாடி வைத்திருந்தார், ஒன்று சாலைக்கு, ஒன்று செய்தித்தாளுக்கு. இரண்டையும் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அதனால் கடலில் எப்போதும் அவளுக்குப் பின்னால்தான். நீண்ட தூரம் நீந்துகிறவர்களின் வழக்கம் அது. முன்னால் போகிறவரின் காலடி நுரையை ஒட்டியே வந்தால் பாதி வேலை மிச்சம். நடுநடுவே அவள் பாதத்தில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

இருவரும் சேர்ந்து பெயர் கொடுத்த பந்தயத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். வேனில், ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடி. பின்னால் தட்டுகளில் ரொட்டி இன்னும் சூடாக இருந்ததாம்.

அவள் தனியாகப் போனாள். மெடலுக்காக அல்ல. தண்ணீருக்குள் இருந்தால் அவர் பக்கத்தில் இருப்பது போலிருக்கும், அதற்காக. திரும்பிக் கரையேற வேண்டும் என்ற ஆசைதான் அவளுக்குப் பெரிதாக இல்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. கூட வந்த நாத்தனாருக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியது.

"அண்ணி, அழுதுக்கிட்டே நீந்தாதீங்க. கடல்ல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி."

"நீ வேற... போடி."

"வந்துடுவீங்கல்ல?"

அவள் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சரியாக ஆறு மணிக்கு ஊதல் ஒலித்தது. எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி. தண்ணீரெங்கும் கைகளும் கால்களும். இரண்டாவது மிதவை வரை ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் பனி இறங்கியது. பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல... ஒரு பக்கமும் தெரியவில்லை. சுற்றிலும் கேட்டுக்கொண்டிருந்த சளசளப்பு மெல்ல அடங்கியது.

அவளுக்கு முன்னால் ஒரே ஒரு தொப்பி. வெள்ளை.

வெள்ளைத் தொப்பி யாருக்கும் தரவில்லையே என்று நினைத்தாள். பிறகுதான் அந்த இடது கையைப் பார்த்தாள். முழங்கை வெளியே பிதுங்கி, வளைந்து, தண்ணீரை அறைகிற கை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கோணலாகக் கூடிய எலும்பு. உலகத்தில் அப்படி நீந்துகிற ஆள் ஒருவர்தான்.

வந்துட்டீங்களா...

நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர் நிரம்பியது. அவள் தொடர்ந்தாள். மிதவையைத் தேடவில்லை. எங்கே கூட்டிப் போனாலும் சரி என்று தொடர்ந்தாள்.

அப்போது பாதத்தில் ஒரு தட்டு.

பின்னால் யாரோ ஒருவர். இருக்கட்டும். மறுபடியும் தட்டு. மறுபடியும். அவளுக்கு எரிச்சல் வந்தது.

தண்ணீர் குளிர்ந்துகொண்டே போனது. அடியில் நிறம் கறுத்தது. அவள் ஒன்றைக் கவனித்தாள். இவ்வளவு நேரமாகியும் முன்னால் போகிற முகம் மூச்சுக்காக ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

சளப்... சளப்... சளப்...

பின்னாலிருந்த கை கணுக்காலைப் பிடித்தது.

இறுக்கி.

அவள் உதறினாள். விடவில்லை. முன்னால் வெள்ளைத் தொப்பி விலகிக்கொண்டிருந்தது. போயிடாதீங்க... போயிடாதீங்க... முழுப் பலத்தையும் சேர்த்துப் பின்னால் உதைத்தாள்.

குதிகால் ஒரு முகத்தில் பட்டது.

பிடி விட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். முன்னால் இருந்தது நீந்துவதை நிறுத்தியிருந்தது. கை அசையவில்லை. கால் அசையவில்லை.

ஆனாலும் விலகிப் போய்க்கொண்டிருந்தது...

எங்கோ விசில் சத்தம். பனிக்குள்ளிருந்து காவல் படகு ஒன்று வந்தது. துடுப்புப் போட்ட பெண் கத்தினாள். "அக்கா! அந்தப் பக்கம் பாறை! திரும்புங்க!"

அவள் திரும்பினாள். எப்படிக் கரையேறினாள், எப்படி நாளெல்லாம் சைக்கிள் மிதித்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. அவரைக் கடலில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்ற ஒரே நினைப்பு. ஓட்டப் பாதை கடற்கரையை ஒட்டி நான்கு சுற்று. இரவு 10.40க்குக் கோட்டைத் தாண்டினாள். மெடலைக் கழுத்தில் போட்டபோது நாத்தனார் தேம்பினாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மறுநாள் காலை சைக்கிளை எடுக்கப் போனபோது அந்தப் படகுப் பெண் எதிரே வந்தாள்.

"ஏன்க்கா, உங்க வீட்டுக்காரருக்கு அடி பலமா?"

"யாருக்கு?"

"நல்லாக் கேட்டீங்க. மூஞ்சில விட்டீங்களே ஒரு உதை. நீங்க பாறைப் பக்கம் போகாம அவருதானே கால இழுத்துப் பிடிச்சாரு? மூக்குல ரத்தம் வேற."

"முன்னாடி போனது...?"

"அது யாருன்னு எனக்கும் தெரியல. விரட்டிப் பாத்தேன், எட்டல. தலைய எண்ணினோம், ஒருத்தர்கூடக் குறையல."

அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னாடி வந்தவரு... வீட்டுக்காரர்னு யாரு சொன்னது?"

"அவரேதான். நீச்சல் முடிஞ்சதும் என்னைத் தண்ணி குடுக்கிற மேசையில போட்டுட்டாங்க. பாத்தா, இவரு எதுத்தாப்புல இடுப்பளவு கடல்ல நிக்கிறாரு. மேல வாங்க சார்னு கூப்பிட்டேன். 'பொண்டாட்டி ஓடுறா, அவ கடைசிச் சுத்து போனதும் நானும் போயிடுறேன்'னாரு. இருட்டினப்புறமும் அங்கேயே நின்னாருக்கா. நீங்க வர்றப்பல்லாம் ரெண்டு கையையும் தூக்கித் தட்டினாரு. அவ்ளோ பலமாத் தட்டினாரு, சத்தமே வரல..."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."